முன்னால் போகிறவருக்குத்தான் தலைவலி

1990 ஹங்கேரி கிராண்ட் ப்ரீயில் பெல்ஜியக்காரர் தியெரி பூட்சன் முதல் ஆளாகக் கிளம்பி, 77 சுற்றும் முதல் ஆளாகவே ஓட்டி, முதல் ஆளாகவே முடித்தார். கடைசிச் சுற்றுகளில் அவர் முதுகை ஒட்டிக்கொண்டு வந்தவர் அயர்டன் சென்னா. கோட்டைத் தாண்டும்போது இருவருக்கும் நடுவே 0.288 வினாடிதான். உலகமே பயந்த ஓட்டுநர், கைக்கெட்டும் தூரத்தில் எதிராளி, ஆனாலும் தாண்ட வழியில்லை. பூட்சன் தன் வாழ்நாளில் போல் பொசிஷனில், அதாவது தொடக்க வரிசையின் முதலிடத்தில், கிளம்பிய ஒரே பந்தயம் அது. அந்த ஒன்று ஹங்கேரியில் வாய்த்தது அவருடைய அதிர்ஷ்டம்.

புடாபெஸ்ட் நகருக்கு வெளியே இருக்கும் ஹங்கரோரிங் அப்படிப்பட்ட இடம். 1986இல், இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் முதன்முதலாக ஃபார்முலா 1 கார்கள் ஓடியது இங்கேதான். பாதை குறுகல். ஒரு வளைவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். தாண்டுவதற்கு ஏற்ற நீண்ட நேர்ப்பாதை என்று சொன்னால் தொடக்கக் கோடு இருக்கும் அந்த ஒன்றுதான். 'சுவர் இல்லாத மொனாகோ' என்று இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. விதிவிலக்கே இல்லையா என்றால், இருக்கிறது. 1989இல் நைஜல் மேன்சல் 12ஆம் இடத்தில் கிளம்பி, சென்னாவையும் தாண்டி ஜெயித்தார். ஆனால் அதை இன்றைக்கும் ஆச்சரியமாகப் பேசுகிறார்கள் என்பதே மற்ற ஆண்டுகளின் நிலைமையைச் சொல்லிவிடும்.

பாதையில் தாண்ட முடியாது என்றால் எங்கே தாண்டுவது? பிட்டில், அதாவது டயர் மாற்றப் பாதையோரமாக நிற்கும் இடத்தில். ஃபார்முலா 1 பந்தயத்தில் வியூகம் என்ற சமாச்சாரம் இவ்வளவு தூரம் வளர்ந்ததற்கு ஹங்கேரி மாதிரியான பாதைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த ஒரு பாதையில் நடந்த நாலைந்து பந்தயங்களை மட்டும் எடுத்துப் பார்த்தாலே போதும், ஒரு விசித்திரம் கண்ணில் படும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முன்னால் ஓடுகிறவர் நிம்மதியாக இருப்பதாகத் தோன்றும். பிட் சுவரில் உட்கார்ந்து வியூகம் வகுப்பவர்களைக் கேட்டால் கதை வேறு. முன்னால் போகிறவர் முதலில் முடிவெடுத்தாக வேண்டும். பின்னால் வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு வேறொன்றைச் செய்யலாம். இழப்பதற்கும் அவரிடம் அதிகம் இல்லை.

கணக்கு முதலில். ஹங்கேரியில் ஒரு பிட் ஸ்டாப்புக்கு ஏறக்குறைய 20 வினாடி போகும். இதில் டயர் மாற்றும் நேரம் சொற்பம். நல்ல குழு இரண்டு, இரண்டரை வினாடிக்குள் நான்கு சக்கரங்களையும் கழற்றி மாட்டிவிடும். 2023இல் கத்தாரில் மெக்லாரன் குழு லாண்டோ நோரிஸின் காருக்கு எடுத்துக்கொண்டது 1.80 வினாடி. மீதி நேரம் முழுக்க பிட் பாதையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்ற விதி தின்பது. வெளியே மற்றவர்கள் பறந்துகொண்டிருக்க, உள்ளே வந்தவர் ஊர்ந்துகொண்டிருப்பார். இந்த 20 வினாடியைப் புது டயரின் வேகத்தால் திருப்பி எடுக்க முடியுமா, எத்தனை சுற்றில் முடியும், அதற்குள் யார் குறுக்கே வருவார்கள்? வியூகக் குழுவின் வேலை சுருக்கமாக இவ்வளவுதான்.

1998 ஆகஸ்டுக்கு வருவோம். சாம்பியன்ஷிப்பில் மெக்லாரனின் மிக்கா ஹாக்கினன் 76 புள்ளி, ஃபெராரியின் மைக்கேல் ஷூமாக்கர் 60. ஹங்கேரியில் முதல் இரண்டு இடங்களிலும் மெக்லாரன் கார்கள்: ஹாக்கினன், டேவிட் கூல்தார்ட். ஷூமாக்கர் மூன்றாவது. பந்தயம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நிலைமை புரிந்துவிட்டது. மூவரும் ஒரே திட்டத்தில் ஓடினால் வரிசை மாறாது.

அந்தக் காலத்தில் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பலாம். 1982இல் பிரபாம் அணியின் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரி அந்தப் பழக்கத்தைத் தூசி தட்டி எடுத்தார். பாதி டேங்க்கோடு கிளம்பினால் கார் எடை குறைவு, மெத்தென்ற டயரைப் போடலாம், நடுவில் நிற்கும் நேரத்தைவிட அதிகமாகச் சம்பாதித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. 1984இல் அதற்குத் தடை வந்தது, 1994இல் தடை விலகியது, 2010இலிருந்து மறுபடி தடை. பத்து கிலோ எரிபொருள் குறைந்தால் சுற்றுக்குச் சுமார் 0.3 வினாடி லாபம் என்பது பிட் சுவரில் எல்லோருக்கும் மனப்பாடமான வாய்ப்பாடு.

ஃபெராரியின் தொழில்நுட்ப இயக்குநர் ராஸ் பிரான் பந்தயத்தின் நடுவிலேயே இரண்டு நிறுத்தத் திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்றுக்குத் தாவினார். 43ஆவது சுற்றில் ஷூமாக்கர் உள்ளே வந்தார். கொஞ்சமாக எரிபொருள் ஊற்றி உடனே அனுப்பிவிட்டார்கள். அடுத்த சில சுற்றுகளில் மெக்லாரன் கார்கள் இரண்டும் உள்ளே வந்து, கடைசிவரை போதுமான அளவுக்கு நிரப்பிக்கொண்டு கனமாக வெளியே போயின. இப்போது ஷூமாக்கர் முன்னால், முன்பக்கம் பாதை காலி. வானொலியில் பிரான் சொன்ன கணக்கு ரசிகர்களிடையே பிரபலம்: 19 சுற்று இருக்கிறது, 25 வினாடி சம்பாதித்துக் கொடு.

சுற்றுக்கு 1.3 வினாடி! இத்தனைக்கும் எதிரே இருப்பது அந்த ஆண்டின் மிக வேகமான கார். ஒவ்வொரு சுற்றையும் தகுதிச்சுற்று மாதிரி ஓட்டினால்தான் நடக்கும். ஷூமாக்கர் ஓட்டினார். நடுவில் ஒரு தடவை கடைசி வளைவில் கார் புல்லுக்குள் போய்ச் சில வினாடிகள் கரைந்தன. அதற்குப் பிறகும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஹாக்கினனின் கார் கோளாறாகி வேகம் குறைந்தது, கூல்தார்ட் சில சுற்றுகள் அவருக்குப் பின்னால் நேரத்தைத் தொலைத்தார். அந்த வகையில் ஃபெராரிக்கு அதிர்ஷ்டமும் கை கொடுத்தது. 62ஆவது சுற்றில் மூன்றாவது தடவையாக பிட்டுக்குள் போய் வெளியே வந்தபோது ஷூமாக்கர் முதலிடத்தில்தான் இருந்தார். ஒன்பது வினாடிக்கு மேல் முன்னிலையில் வெற்றி. ஹாக்கினன் ஆறாவது. புள்ளிக் கணக்கு 77க்கு 70 என்று நெருங்கியது. கடைசியில் பட்டம் என்னவோ ஹாக்கினனுக்கே போனது, அது வேறு விஷயம்.

பிரானின் மூளையைப் பாராட்டாதவர் இல்லை. ஆனால் அதே திட்டத்தை வேறொரு ஓட்டுநரிடம் கொடுத்திருந்தால் பிரானைக் கிறுக்கர் என்றுதான் எழுதியிருப்பார்கள். வியூகம் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம். திட்டம் காகிதத்தில் இருக்கும், சுற்றுக்கு 1.3 வினாடியை ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர்தான் கொண்டுவர வேண்டும்.

டயர் விதிகளும் அவ்வப்போது ஆட்டத்தையே மாற்றிவிடும். 2005இல் பந்தயத்தின் நடுவே டயர் மாற்றக் கூடாது என்றார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் மிஷெலின் டயர்கள் சாய்வான வளைவைத் தாங்காது என்று தெரிந்ததும், அந்த டயர் போட்ட 14 கார்களும் அணிவகுப்புச் சுற்றோடு பிட்டுக்குள் திரும்பிவிட்டன. மிச்சம் ஆறே கார்கள். அதில் ஜோர்டன் அணிக்கு ஓட்டிய நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். ஃபார்முலா 1இல் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் புள்ளிகள் அவை. ஆறு பேரில் நான்காவதுதானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அன்றைக்குச் சரியான டயரில் கடைசிவரை ஓடி முடித்தவர் அவர்.

இப்போது எரிபொருள் நிரப்புவது கிடையாது. டயர் மட்டும்தான். 2011 முதல் எல்லா அணிகளுக்கும் பிரெல்லி டயர். சிவப்புக் கோடு போட்டது மென்மை, வேகம், சீக்கிரம் தேயும், மஞ்சள் நடுத்தரம், வெள்ளை கடினம், மெதுவாகச் சூடேறும், நீண்டநேரம் உழைக்கும். மழையில்லாத பந்தயத்தில் இரண்டு வகையையாவது பயன்படுத்தியாக வேண்டும். இந்த மூன்று நிறங்களை வைத்துக்கொண்டுதான் 2019இல் மெர்சிடிஸ் ஒரு வித்தை காட்டியது.

மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் தன் வாழ்க்கையின் முதல் போல் பொசிஷனில் கிளம்பி முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். அவரை விடாமல் துரத்தியவர் லூயிஸ் ஹாமில்டன். 39ஆவது சுற்றில் நான்காவது வளைவின் வெளிப்பக்கமாகச் சுற்றித் தாண்டப் பார்த்து, பாதையை விட்டே வெளியே போய்த் திரும்பினார். முடியவில்லை. 48ஆவது சுற்றில் மெர்சிடிஸ் அவரைத் திடீரென்று உள்ளே கூப்பிட்டு, மஞ்சள் டயரை மாட்டி அனுப்பியது. வெளியே வந்தபோது வெர்ஸ்டாப்பன் சுமார் 20 வினாடி முன்னால். ஹாமில்டனுக்கே இது பிடிக்கவில்லை; இவ்வளவு தூரத்தை எப்படிப் பிடிப்பது என்று வானொலியில் சந்தேகப்பட்டார்.

இங்கே வெர்ஸ்டாப்பனின் அணியான ரெட் புல்லின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஹாமில்டன் உள்ளே போனதைப் பார்த்தார்கள். அடுத்த சுற்றிலேயே வெர்ஸ்டாப்பனையும் கூப்பிட்டுப் புது டயர் போட்டிருக்கலாம். ஆனால் ஹாமில்டன் அவ்வளவு நெருக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தார். புது டயரில் ஓட்டும் அந்த ஒரே சுற்றில் அவர் முன்னே போயிருப்பார், வெர்ஸ்டாப்பன் வெளியே வரும்போது இரண்டாவதாகத்தான் வந்திருப்பார். பந்தய மொழியில் இதுதான் அண்டர்கட். சரி, உள்ளே வராமல் பழைய வெள்ளை டயரிலேயே ஓட்டினால்? அவை 25ஆவது சுற்றில் போட்டவை. இன்னும் 22 சுற்று தாங்க வேண்டும். இரண்டும் ஆபத்து. மெர்சிடிஸுக்கோ ஒரு ஆபத்தும் இல்லை. மூன்றாவதாக வந்த ஃபெராரி பந்தயத்தை முடித்தபோது ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தது. ஹாமில்டனின் முயற்சி பலிக்காமல் போயிருந்தால் அவர் எங்கே இருந்திருப்பார்? அதே இரண்டாம் இடத்தில்.

அப்போதைய வியூகத் தலைவர் ஜேம்ஸ் வவுல்ஸின் குழு பார்த்தது இதைத்தான். மற்றவர்கள் வெர்ஸ்டாப்பனுக்கும் ஹாமில்டனுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் ஹாமில்டனுக்கும் அவருக்குப் பின்னால் வந்தவருக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தார்கள். 67ஆவது சுற்றில், நேர்ப்பாதையின் முடிவில், ஹாமில்டன் சிரமமே இல்லாமல் தாண்டினார். தாண்டவே முடியாது என்ற அதே பாதையில்! வெர்ஸ்டாப்பனின் டயரில் அப்போது உயிர் இல்லை.

2021இல் முன்னால் போகிறவரின் தர்மசங்கடம் கண்ணுக்கு நேராகவே தெரிந்தது. மழையில் தொடக்கம், முதல் வளைவில் கார்கள் ஒன்றோடொன்று மோதி ஐந்து பேர் அவுட், சிவப்புக் கொடி. மறுதொடக்கத்துக்கு முந்தைய சுற்றில் பாதை காய்ந்துகொண்டிருந்தது. பின்னால் இருந்த 14 பேரும் உலர் டயருக்காக பிட்டுக்குள் திரும்பிவிட, முன்னால் இருந்த ஹாமில்டன் மட்டும் தனியாகத் தொடக்க வரிசையான கிரிட்டில் வந்து நின்றார். விளக்கு அணைந்ததும் ஒரே ஒரு கார் கிளம்பியது. ஃபார்முலா 1 இப்படியொரு தொடக்கத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு சுற்றில் அவரும் உள்ளே வந்தாக வேண்டியிருந்தது. வெளியே போனபோது கடைசி ஆள். அங்கிருந்து ஏறி வந்தவரை ஃபெர்னாண்டோ அலோன்சோ பத்துச் சுற்றுக்கு மேல் அடைத்து வைத்தார். அந்த இடைவெளியில் அலோன்சோவின் சக ஓட்டுநர் எஸ்டபன் ஓகோன் தன் முதல் வெற்றியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அலோன்சோவுக்கு அந்த வேதனையின் மறுபக்கமும் தெரியும். ஹங்கேரியை விட்டு இன்னொரு தடவை வெளியே போய் வருவோம்: அபுதாபி, 2010, ஆண்டின் கடைசிப் பந்தயம். அலோன்சோ 246 புள்ளி, மார்க் வெப்பர் 238, செபாஸ்டியன் வெட்டல் 231. வெட்டலே ஜெயித்தாலும் அலோன்சோ நான்காவது வந்தால் பட்டம் அவருக்கு. பந்தயத்தில் அவர் ஓடிக்கொண்டிருந்ததும் நான்காவதாக. ஆனால் புள்ளியில் அடுத்து இருந்த வெப்பர் 11ஆவது சுற்றில் பிட்டுக்குப் போனதைப் பார்த்த ஃபெராரி, அவரை மறிப்பதற்காக 15ஆவது சுற்றில் அலோன்சோவையும் கூப்பிட்டது. வெப்பருக்கு முன்னால் வெளியே வந்தார், உண்மைதான். வந்தது விட்டாலி பெட்ரோவின் ரெனோவுக்குப் பின்னால். குறுகலான பாலத்தில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட மாதிரி மிச்சமிருந்த 40 சுற்றும் அங்கேயே போயின. ஏழாம் இடம். வெட்டல் பந்தயத்தை ஜெயித்து, 256க்கு 252 என்ற கணக்கில் பட்டத்தையும் எடுத்துக்கொண்டார். துரத்துபவர்களில் யாரைக் கண்காணிப்பது என்பதில் ஃபெராரி தப்பு செய்தது.

பன்னிரண்டு ஆண்டு கழித்து ஹங்கேரியில் இன்னொரு ஃபெராரி ஞாயிற்றுக்கிழமை. 2022 ஜூலை இறுதியில் குளிர், லேசான தூறல் பயம். தகுதிச்சுற்றில் எஞ்சின் கோளாறால் வெர்ஸ்டாப்பன் பத்தாவது இடத்தில். வெள்ளை டயரில் கிளம்புவதாக இருந்த ரெட் புல், கிரிட்டுக்கு வரும் வழியில் பாதையின் பிடிப்பு போதாது என்று தெரிந்ததும் கடைசி நேரத்தில் சிவப்புக்கு மாறியது. அந்த அணியின் அப்போதைய முதன்மை வியூகப் பொறியாளர் ஹன்னா ஷ்மிட்ஸ். கேம்பிரிட்ஜில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு 2009இல் ரெட் புல்லில் சேர்ந்தவர். கணினியில் ஓட்டிப் பார்த்த திட்டத்தைப் பந்தயம் தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பு கிழித்துப் போட ஒரு துணிச்சல் வேண்டும்.

முன்னால் ஓடியவர் ஃபெராரியின் சார்ல் லெக்லேர், மஞ்சள் டயரில் வசதியாக. இன்னும் கொஞ்ச நேரம் அதிலேயே ஓட்ட வேண்டும் என்பதுதான் அவர் விருப்பம். வெர்ஸ்டாப்பன் 38ஆவது சுற்றில் உள்ளே போனதும் ஃபெராரி பதறிப்போய் அடுத்த சுற்றிலேயே லெக்லேரைக் கூப்பிட்டு வெள்ளை டயரை மாட்டியது. அந்தக் குளிரில் வெள்ளை டயர் சூடேறாமல் தடுமாறுவதை ஆல்பைன் அணியின் கார்கள் ஏற்கனவே எல்லோர் கண் முன்னாலும் காட்டிக்கொண்டிருந்தன. வெர்ஸ்டாப்பன் லெக்லேரைத் தாண்டினார், பிறகு தானே ஒரு முழு வட்டம் சுழன்று இடத்தை இழந்தார், மறுபடியும் தாண்டினார். ஒரே பந்தயத்தில் ஒருவரை இரண்டு தடவை தாண்ட முடிந்தது என்றால் அந்த டயரின் லட்சணத்தைப் புரிந்துகொள்ளலாம். பத்தாவதாகக் கிளம்பியவர் ஜெயித்தார். லெக்லேர் மூன்றாவது முறை உள்ளே வந்து சிவப்பு டயர் மாற்றி ஆறாவதாக முடித்தார். காரே அன்று எதிர்பார்த்த மாதிரி ஓடவில்லை என்று அணித் தலைவர் மத்தியா பினோட்டோ சமாதானம் சொன்னார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் பதவி விலகினார்.

2024இல் இதே ஹங்கேரியில் மெக்லாரன் வேறு மாதிரிச் சிக்கலில் மாட்டியது. ஒன்று, இரண்டு இரண்டும் அதன் கார்களே. இரண்டாவதாக வந்த நோரிஸைப் பாதுகாக்க, முன்னால் ஓடிய ஆஸ்கர் பியாஸ்ட்ரிக்கு இரண்டு சுற்று முன்னதாகவே அவரை பிட்டுக்குக் கூப்பிட்டார்கள். விளைவு, நோரிஸ் முன்னே வந்துவிட்டார். இடத்தைத் திருப்பிக் கொடு என்று வானொலியில் கெஞ்சாத குறையாகச் சொன்ன பிறகு, 68ஆவது சுற்றில்தான் அவர் வழிவிட்டார். பியாஸ்ட்ரிக்கு அது முதல் வெற்றி.

அடுத்த ஆண்டு நோரிஸ் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். 2025இல் அவர் மூன்றாவதாகக் கிளம்பி முதல் சுற்றிலேயே ஐந்தாம் இடத்துக்கு நழுவினார். முன்னால் இருந்த லெக்லேரும் பியாஸ்ட்ரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இரண்டு நிறுத்தத்துக்குப் போனார்கள். ஒரே நிறுத்தம் என்பது மெக்லாரனின் முதல் திட்டத்தில் இருந்ததில்லை. பின்தங்கிப் போனதால் வேறு வழியின்றி நோரிஸ் அதை எடுத்தார். 31ஆவது சுற்றில் வெள்ளை டயரைப் போட்டு, மிச்சம் 39 சுற்றையும் அதிலேயே உருட்டினார். புதிய டயரில் பாய்ந்து வந்த பியாஸ்ட்ரி, கடைசிக்கு முந்தைய சுற்றில் முதல் வளைவில் பிரேக் பூட்டி, நோரிஸின் காரை இடிக்காமல் மயிரிழையில் தப்பினார். 0.698 வினாடியில் நோரிஸ் வெற்றி. முதல் சுற்றில் அந்த இடங்களை இழக்காமல் இருந்திருந்தால், அன்று அவர் ஜெயித்திருக்க மாட்டார் என்றே சொல்லலாம்.

அடுத்த ஹங்கேரி பந்தயம் டிவியில் ஓடும்போது முதலிடக் காரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். திரையின் ஓரத்தில் ஓடும் பட்டியலைப் பாருங்கள். முதல் இருவருக்கும் நடுவே இரண்டு வினாடிக்குள், இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் நடுவே 25 வினாடிக்கு மேல் என்று வந்தால், இரண்டாமவரின் பிட் குழு டயரோடு வெளியே வருகிறதா என்று கவனியுங்கள். வந்துவிட்டால், முன்னால் போகிறவருக்கு அப்போதே நேரம் கடந்திருக்கும்.